புல்லே விளைச்சலாகும் நிலம்

மணற்பாங்கான இடத்தில் புல் மட்டும் நின்றால், அதைத் தரிசு என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஏட்டில் ஏறிய அந்த ஒரு சொல்லே பிறகு நிலத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. உழலாம், மரம் நடலாம், மனை போடலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்தத் தவறை நூறாண்டுக்கு முன்பே செய்து, பட்டுத் தெளிந்த பகுதி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. 'சாண்ட்ஹில்ஸ்' என்று பெயர். சில குன்றுகள் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. எல்லாம் காற்று குவித்த மணல். ஆண்டு மழை மேற்கே சுமார் 430, கிழக்கே சுமார் 580 மில்லிமீட்டர்தான். ஆனாலும் குன்றுகளின் மேல் புல் போர்த்தியிருக்கிறது.

1904-ல் வந்த கின்கெய்ட் சட்டம், இங்கே குடியேறும் குடும்பத்துக்கு 640 ஏக்கர் தந்தது. வந்தவர்களில் பலர் உழுது விதைத்தார்கள். வேர் அறுந்ததும் மணல் பறக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நிலத்தை மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் விற்றுவிட்டுப் பலரும் வெளியேறினார்கள். 1970-களில் சுழல் தெளிப்புப் பாசனத்தை நம்பி மீண்டும் மக்காச்சோளம் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் பல வயல்கள் கைவிடப்பட்டன. இன்று பெரும்பகுதி ஏர் படாத மேய்ச்சல் நிலமாகவே இருக்கிறது.

காரணம் மண்ணிலேயே உள்ளது. மணலில் விழும் மழை வழிந்தோடாமல் உடனே கீழே இறங்கிவிடும். மேல்மண்ணில் ஈரமும் நிற்காது, சத்தும் நிற்காது. மேலோட்டமாக வேர்விடும் பயிர் அங்கே வாடிவிடும். ஆழமாக வேர்விடும் புல்லுக்கோ கீழே இறங்கிய ஈரம் கிடைக்கும். சாண்ட் புளூஸ்டெம், பிரெய்ரி சாண்ட்ரீட் போன்ற புற்கள் மண்ணுக்குள் கிழங்குபோல் தண்டு ஓட்டி மணலைப் பிணைத்துக் கட்டுகின்றன. இவை கோடையில் வளர்பவை. ஊசிபோல் விதை விடும் இன்னொரு வகைப் புல் வசந்தத்திலேயே தழைத்துவிடும். இடையிடையே லெட்பிளாண்ட் என்ற பயறு வகைச் செடியும் உண்டு. ஒன்று ஓயும்போது மற்றொன்று தழைப்பதால் மேய்ச்சல் நீண்ட நாள் கிடைக்கிறது. குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே புல்லை அறுத்து உலர்த்திக் குளிர்காலத் தீவனமாகச் சேர்க்கிறார்கள்.

இந்தப் போர்வை ஓரிடத்தில் கிழிந்தால் போதும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் மாட்டுத்தடத்திலும் புல் மிதிபட்டுச் சாகும். காற்று அங்கே மணலை வாரிக் குழி பறிக்கும். குழி ஆண்டுதோறும் அகலும். அவர்கள் செய்யும் மருத்துவம் எளிது. வேலியிட்டு மாடுகளை விலக்குகிறார்கள்; பழைய வைக்கோலைப் பரப்புகிறார்கள்; புல் தானாக ஏறக் காத்திருக்கிறார்கள். குழி விழாமல் காக்க அவர்கள் வைத்திருக்கும் விதி, 'பாதியை மேயவிடு, பாதியை விட்டுவை' என்பது. மீதமுள்ள இலைதான் வேருக்கு உணவு தயாரிக்கிறது.

இது நமக்கு முற்றிலும் புதியதல்ல. கொங்குப் பகுதியின் கொறங்காடு செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம், மணற்குன்று அல்ல. ஆனால் அங்கும் கொழுக்கட்டைப் புல்லை விளைச்சலாக மதித்து, கிளுவை வேலியால் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளில் ஆடிக்காற்றில் செம்மணல் எழுவதைப் பார்த்தவர்களுக்கு, வேர் இல்லாத மணலின் குணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணல் நிலத்துக்குப் பயிரோ மரமோ பரிந்துரைக்கும் முன், ஒரு குழி வெட்டி வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். என்னென்ன புல் நிற்கிறது என்று மேய்ப்பவரிடம் கேளுங்கள். உழவர்களும் வெறுமையாகிவிட்ட இடத்தை அடைத்து, மூடாக்குப் போட்டு, சில பருவம் பொறுத்துப் பார்க்கலாம். கலப்பையை இறக்க ஒரு நாள் போதும். பறந்துபோன மணல்மேட்டில் மீண்டும் புல் பிடிக்க ஆண்டுகள் ஆகும்.