ஓஹோ புரொடக்ஷன்ஸும் எங்க சித்தியின் கூடையும்

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற காட்சியை முழுப் படமா பார்க்காதவங்களும் மீம்ஸிலாவது பார்த்திருப்பீங்க. 1964இல் வந்த படம். நாகேஷ் வாயாலேயே போடுற சத்தத்துக்கு இன்னைக்கும் எங்க வீட்ல அம்மாவும் சிரிக்கிறாங்க, தரம் 8 படிக்கிற தம்பியும் சிரிக்கிறான்.

இந்த முறை கெம்பஸ் லீவுக்கு ராகலைக்கு வந்தப்போ திரும்பவும் பார்த்தேன். செல்லப்பா 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி ஆரம்பிக்கிறான். கம்பெனிக்குப் பெயர் இருக்கு, டைரக்டர் இருக்கார், எஸ்டேட் மேனேஜர் மகளான சச்சுவை ஹீரோயினாகவும் பிடிச்சாச்சு. பணம் மட்டும் அப்பாவிடமிருந்து வர வேண்டும். அந்த அப்பா யாரு? எஸ்டேட் முதலாளி. அதாவது ஓஹோ புரொடக்ஷன்ஸின் முதலீடு தோட்டத்துப் பணம்! இத்தனை தடவை பார்த்தும், தோட்டத்தில் பிறந்த எனக்கே இது இப்போதான் உறைச்சது.

அதே படத்தில் எஸ்டேட்டில் வேலை போன ரவிச்சந்திரன் பங்களா முன்னால் கூடாரம் அடித்துப் போராடுவார். பாட்டும் ஆட்டமுமா ஜாலியான போராட்டம். நாள் சம்பளம் 1000 ரூபாய் கேட்டு பல வருஷம் ரோட்டில் உட்கார்ந்த ஊர்க்காரங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்போட சேர்த்து வேற ஏதோவும் வரும். ஸ்ரீதர் எடுத்தது காதல் காமெடி, அதில் குறை பிடிக்க வரல. ஆனால் சினிமாவைக் கிண்டல் பண்ற படம் எதைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேட்கணும்னு அது எனக்குச் சொல்லித் தந்தது. படம் எடுக்கிற காசு யாருடையது? யாரைப் பார்த்து சிரிக்கச் சொல்றாங்க?

இந்தக் கேள்விகளோடு 'தமிழ்ப்படம்' (2010) பாருங்க. சைக்கிள் மிதிக்கிற பையன் மிதிச்சுக்கிட்டே பெரியவனாவதும், ஹீரோ நொடியில் பணக்காரனாவதும் நமக்குப் பழகிப்போன திரைக்காட்சிகளின் கிண்டல். வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆனால் அது கிண்டல் பண்றது திரையில் தெரியுற படத்தை மட்டும்தான். அந்தப் படங்களை எடுக்கிற தொழில், அதில் புழங்குற பணம், அதிகாரம் எதையும் அது பெரிசா தொடவில்லை. அதனால்தான் சினிமாக்காரங்களும் நம்மோட சேர்ந்து நிம்மதியா சிரிச்சாங்க என்று நினைக்கிறேன்.

'ஜிகர்தண்டா' (2014) அந்த இடத்தைத் தொடுது. ரத்தம் தெறிக்கிற கேங்ஸ்டர் கதை வேணும் என்கிறார் தயாரிப்பாளர். சித்தார்த் மதுரைக்குப் போய் அசால்ட் சேதுவின் வாழ்க்கையை ஒட்டுக்கேட்டுத் திருடப் பார்க்கிறான். கடைசியில் சேதுவையே ஹீரோவாக்கி, அவனுக்கே தெரியாமல் அவனை ஜோக்கராக்கிவிடுகிறான். தியேட்டரே சிரிக்கும்போது பாபி சிம்ஹாவின் முகத்தைப் பாருங்க. அவன் கொலைகாரன்தான். ஆனாலும் தன்னை எப்படிக் காட்டப்போறாங்கனு தெரியாமல் கேமரா முன்னால் நின்ற ஒரு மனுஷனின் முகம் அது.

அந்த முகத்தை நான் நேரிலும் பார்த்திருக்கேன், எங்க தோட்டத்திலேயே.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குறும்படக் குழு எங்க லயத்துக்கு வந்தது. கூட்டி வந்ததே நான்தான். முதல் பிரச்சினை கூடை. சித்தி இப்போ கொழுந்தை சாக்கில்தான் போடுறாங்க. டைரக்டருக்கு தலையில் கயிறு மாட்டின மூங்கில் கூடை வேணும். லயம் முழுக்கத் தேடியும் நல்லதா ஒண்ணு கிடைக்கல. கடைசியில் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறதுக்காக ரோட்டோரக் கடையில் வச்சிருந்த கூடையை வாடகைக்கு எடுத்தோம். அடுத்தது வீடு. புதுசா பெயின்ட் அடிச்ச எங்க காம்பராவை விட்டுட்டு, வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த காம்பராவைத் திறந்தாங்க. "அக்கா, சிரிக்காதீங்க" என்று டைரக்டர் மூணு தடவை சொன்னார். சித்தி கேட்டாங்க: "சோகமா நிக்கிறதுக்கு எத்தனை கிலோ போடுவீங்க தம்பி?"

எல்லாரும் சிரிச்சோம். அந்த வரி படத்தில் வரல. சித்திக்கு அன்னைக்கு அரைப்பேர் போச்சு. கிடைத்தது ஒரு பணிஸும் சோடாவும். படத்தைப் பார்த்த கெம்பஸ் நண்பி ஒருத்தி என்னிடம் மெதுவா கேட்டாள்: "உங்க வீட்ல இப்பவும் இப்படித்தானா?" எனக்குப் பதில் வரல. அந்தப் பூட்டின காம்பராவுக்கு சாவி வாங்கித் தந்தவனும் நான்தானே.

"கஷ்டம் உண்மைதானே, அதில என்ன காமெடி?" என்று சிலர் கேட்பீங்க. கஷ்டம் உண்மைதான். பத்தாத சம்பளம், ஒழுகுற தகரம் எல்லாம் இருக்கு. ஆனா வாடகைக் கூடையும் சோகப் புல்லாங்குழலும் அந்த உண்மையைச் சொல்லல. அது கேமராவோட வந்தவங்க மனசில் ஏற்கெனவே இருந்த படம். லயத்தைப் பார்த்து சிரிக்கச் சொல்லல. லயத்தைத் தேடி வர்ற கேமராவைப் பார்த்து சிரிக்கலாம், தூக்கிட்டு வந்த என்னையும் சேர்த்து.

நமக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. இலங்கைத் தமிழ் சினிமாவின் ஆரம்பப் படங்களில் ஒன்று 1963இல் வந்த 'தோட்டக்காரி'. தோட்டத் தொழிற்சங்கத்திலிருந்த வி.பி. கணேசன் 'புதிய காற்று' (1975) எடுத்து நடித்தார். மறு வருஷமே வானொலி நாடகத்திலிருந்து 'கோமாளிகள்' என்ற நகைச்சுவைப் படமும் வந்தது. தோட்டமும் உண்டு, சிரிப்பும் உண்டு. ரெண்டையும் சேர்த்து, படம் எடுக்கிறவங்களையே கிண்டல் பண்ற ஒரு மலையகப் படம்தான் எனக்கு வேணும். போனிலேயே எடுக்கலாம், எஸ்டேட் முதலாளி அப்பா தேவையில்லை.

முதல் காட்சி தயாரா இருக்கு: ஒரு ஷூட்டிங் குழு லயம் லயமா கூடை தேடுது. சித்தி நடிக்க சம்மதிச்சாச்சு. அவங்க போட்ட நிபந்தனை ரெண்டு. ஷூட்டிங் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த கிலோ வசனம் கட்டாயம் படத்தில் இருக்கணும்.