நடைபாதைக்கு ஏற்ற கல் எது?

நகரத்தில் குடியேறிய நம்மவர் வீட்டு வாடகையைப் பற்றிக் கவலையுறுவர். பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிக் கவலையுறுவர். வாசலைத் தாண்டியதும் கால் பதிக்கும் நடைபாதையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும், ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் முதிய தாய்தந்தையர்க்குக் கோயிலுக்கும் கடைக்கும் மருத்துவரிடமும் செல்ல அதுவே வழி. பெயர்ந்து ஆடும் கல் ஒன்று போதும், எழுபது வயதுத் தாயாரின் இடுப்பெலும்பு முறிவதற்கு. அதன்பின் அவர் வெளியே வராமலே இருந்துவிடவும் கூடும். ஆகவே, நடைபாதையில் எதனைப் பாவுவது என்பது பொறியாளர்க்கு மட்டும் உரிய வினா அன்று. நம் அனைவர்க்கும் உரியது.

மும்பை மாநகரையே எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் இங்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. எனவே, ஈரத்தில் வழுக்காமையே இங்குப் பாவுகல்லுக்கு முதல் இலக்கணம். மெருகேற்றிய ஓடுகள் கண்ணுக்கு அழகு. மழையிலோ அவை காலை வாரிவிடும். கடப்பைக்கல்லும் ஷாகாபாத் கல்லும் விலை மலிந்தவை. ஆனால் நாளடைவில் தேய்ந்து வழவழப்பாகும். மெல்லிய பலகைகள் வண்டி ஏறினால் விரிசலுறும். கருங்கல் தலைமுறைகள் தாண்டி உழைக்கும். தீச்சுடரால் சுட்டோ உளியால் கொத்தியோ மேற்புறத்தைச் சொரசொரப்பாக்கியிருத்தல் வேண்டும். அதன் விலையும் எடையும் அதிகம். அங்கேயே வார்க்கும் கான்கிரீட்டில் இடறிவிடும் இணைப்புகள் குறைவு. ஆனால் கம்பிக்காகவோ குழாய்க்காகவோ ஒருமுறை உடைத்தால் ஒட்டுப்போட்ட வடு மறையாது.

இனி, நாம் அனைவரும் வைகின்ற பேவர் பிளாக்கைப் பார்ப்போம். உண்மையில் அதற்கு ஓர் அரிய நற்குணம் உண்டு. ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, பணி முடிந்ததும் அவற்றையே மீண்டும் பதிக்கலாம். 2006-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம், வாகனம் ஏறாத இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனமும், இலகுவான வாகனங்கள் செல்லும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமும் வகுத்தது. நம் நடைபாதைகளில் மோட்டார் சைக்கிள் ஏறாத இடம் ஏது? ஆகவே, 60 மில்லிமீட்டரைக் கேட்பதே அறிவுடைமை.

அவ்வாறாயின் அவை ஏன் ஆடுகின்றன? இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இதற்கு விடை எளிது. தண்டவாளம் எத்துணை உறுதியாயினும், அடியிலுள்ள ஜல்லி இளகினால் பாதை நிலைகுலையும். பேவர் பிளாக்கும் அத்தகையதே. நன்கு இடித்து இறுக்கிய அடித்தளம், அதன்மேல் 20 முதல் 40 மில்லிமீட்டர் மணற்படுகை, கற்கள் விலகாதபடி இருமருங்கும் ஓரக்கல், இடுக்குகளில் மணல் ஆகிய நான்கும் இருந்தால் அது அசையாது. தோண்டியவர் மண்ணை இறுக்காமல் மேலே கல்லை அடுக்கிச் சென்றால், அடுத்த மழையில் பள்ளம் விழும். குற்றம் கல்லினுடையதன்று, அதனைப் பதித்த கையினுடையது.

பெங்களூரில் ரெஸிடென்ஸி சாலை முதலிய சில சாலைகளை டெண்டர் ஷூர் திட்டத்தின்கீழ்ச் சீரமைத்தபோது, குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடைபாதையின் அடியில் தனித்தனி வழி அமைத்தனர்; அதன் பின்னரே மேலே பாவினர். கல்லைத் தேர்வதற்குமுன் கல்லுக்கு அடியில் உள்ளதைத் தேர்ந்தனர் என்க. நமது முடிவும் அதுவே. அடிவழி அமைந்த பெருஞ்சாலைக்குச் சொரசொரப்பான கருங்கல்லோ கான்கிரீட்டோ பொருந்தும். அடிக்கடி தோண்டப்படும் சிறு தெருவுக்கு, செவ்வனே பதித்த பேவர் பிளாக்கே பொருந்தும்.

கண்பார்வை அற்றோரையும் மறத்தலாகாது. 1965-இல் ஜப்பானியரான செய்இச்சி மியாகே என்பார் கண்டறிந்த புடைப்புக் கற்களை இன்று நம் இரயில் நடைமேடைகளிலும் காண்கிறோம். நீண்ட வரிகள் 'செல்க' என்றும், புள்ளிகள் 'நிற்க' என்றும் காலுக்குச் சொல்லும். அவ்வரிகளை மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிட்டால், அவை இல்லாமையே மேல்.

நடைபாதை வெறும் சலுகையன்று. தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி தரும் உரிமையில் அடங்கும் என 2025-இல் உச்ச நீதிமன்றமே கூறியுள்ளது. எனவே, உங்கள் தெருவில் பணி தொடங்கினால், நால்வராகச் சேர்ந்து வார்டு அலுவலகத்தை அணுகுங்கள். கல்லின் கனம் என்ன, அடித்தளம் எவ்வாறு, ஓரக்கல் உண்டா, பின்னர் தோண்டுவோர் மீண்டும் பாவுவதற்கு யார் பொறுப்பு எனக் கேளுங்கள். சாலையினின்று நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது என்பதையும் நினைவூட்டுங்கள். பணி முடிந்ததும் ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வடிய வேண்டும். அவ்வீரத்தில் செருப்புடன் நடந்து பாருங்கள். நம் வீட்டு முதியவர் பிறர் கைபிடியாது நடக்க இயலுமாயின், அதுவே நல்ல நடைபாதை.