ஒழுகும் எண்ணெயும் ஓதிய பௌதிகமும்

விழா மலர்களிலே கல்லூரித் தாயின் பெருமையைப் போற்றுதலும், பழைய அதிபர்களின் பண்புகளை நினைவுகூர்தலும் மரபாக உள்ளன. அப்பணிக்கு என்னினும் வல்லார் பலர் இருக்கின்றனர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ, மோட்டார் வண்டியின் அடியிலிருந்து சொட்டுகின்ற கறுத்த எண்ணெய். முகஞ் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள்க. ஆய்வுகூடத்திலே நாம் கற்றதற்கும் வீட்டு முற்றத்திலே நாம் செய்வதற்கும் இடையே எத்துணைத் தூரம் உண்டு என்பதை இவ்வெண்ணெய்த் துளியே எனக்குக் காட்டிற்று.

எஞ்சினின் அடிப்புறத்தில் எண்ணெய் தங்குவதற்கென ஒரு தகட்டுத் தட்டம் பொருத்தப்பட்டுள்ளது. கராஜ்களில் அதனைச் 'சம்ப்' என்பர். தட்டத்தின் விளிம்புக்கும் எஞ்சினின் உடலுக்கும் நடுவே தக்கையாலோ கடதாசியாலோ செய்த 'காஸ்கற்' ஒன்றை வைத்துத் திருகாணிகளால் இறுக்குவர். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் சிலிக்கோன் பசை மாத்திரமே அவ்விடத்தை அடைத்து நிற்கின்றது. எண்ணெய் ஒழுகத் தொடங்கியதும் நம்மவர் செய்வன இரண்டு: திருகாணிகளை மேலும் இறுக்குவர், அதனாலும் நில்லாதாயின் பசையை மேலும் பூசுவர். இவ்விரண்டும் பெரும்பாலும் பிழை என்பதே என் துணிபு.

மொறிஸ் மைனர் வண்டியின் சம்ப் திருகாணிகளுக்கு விதிக்கப்பட்ட முறுக்கு 6 இறாத்தல்-அடி மாத்திரமே. அஃதாவது, ஓரடி நீளமுள்ள ஸ்பானரின் நுனியிலே ஆறு இறாத்தல் விசை. ஒரு சிறுவனின் கைவலி போதும். அதற்கு மேல் இறுக்கினால் தக்கை பிளந்து வெளியே பிதுங்கும். மெல்லிய தகடு திருகாணித் துளைகளைச் சுற்றி மேல்நோக்கிக் குவியும். இரு திருகாணிகளுக்கு இடைப்பட்ட பகுதியோ தாழ்ந்து வாய் திறக்கும். இறுக்க இறுக்க ஒழுகுதல் கூடுவது இதனாலேயே.

பசையின் கதை இதனினும் கேடானது. சிலிக்கோன் பசை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றே இறுகுவது. முற்றாக இறுகுதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். எண்ணெய் படிந்த இடத்தில் அது ஒட்டாது. அளவுக்கு மிஞ்சிப் பூசிய பசை வெளியே பிதுங்குவதுபோல உள்ளேயும் பிதுங்கும். அத்துண்டுகள் அறுந்து எண்ணெயில் மிதந்து, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைக்குமாயின், எஞ்சின் முழுவதும் பட்டினி கிடந்து அழியும். வெளியே ஒரு துளியைத் தடுக்கப் புகுந்து உள்ளே உயிரை வாங்குதல் என்ன வைத்தியம்?

என் பழைய மொறிஸ் மைனரை ஒரு கராஜிலே மூன்று முறை விட்டேன். மும்முறையும் சம்ப் கழற்றப்பட்டது. மும்முறையும் பசை பூசப்பட்டது. மும்முறையும் பணம் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் முற்றத்து மணலில் மீண்டும் அதே கறை. பின்னர் நண்பர் ஒருவர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் என்னை அனுப்பினார். அவர் வண்டிக்கு அடியிலே குனியவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அவ்வாயின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் கையையும் பிடித்து வைத்தார். சூடான காற்று புசுபுசுவென்று கையைத் தள்ளியது.

"தம்பி, ஒயில் தானாய் ஒழுகேல்லை. உள்ளுக்கிருந்து ஆரோ தள்ளுறான். முதலில அவனைப் பிடியுங்கோ" என்றார்.

தள்ளியவன் யார் என்பது அரை மணி நேரத்தில் வெளியாயிற்று. பிஸ்டன்களைக் கடந்து கீழே கசியும் வாயு வெளியேறுவதற்கென எஞ்சினின் பக்கத்தில் ஒரு சுவாசக் குழாய் உண்டு. அதன் கம்பிச் சல்லடை பல்லாண்டு அழுக்கினால் களிமண்போல அடைந்து கிடந்தது. வாயுவுக்கு வேறு வழியில்லை. தன் வழியிலே எண்ணெயையும் கூட்டிக்கொண்டு சம்ப் விளிம்பால் வெளியேறியது. பெரியவர் சல்லடையை மண்ணெண்ணெயிலே கழுவினார். சம்பைக் கழற்றி, பழைய பசையை முற்றாகச் சுரண்டி, விளிம்பைத் தட்டையான இரும்பின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி நேராக்கினார். உலர்ந்து சுருங்கியிருந்த தக்கைக் காஸ்கற்றை நீரிலே சிறிது நேரம் ஊறவைத்து அளவுக்குக் கொணர்ந்தார். நடுவிலிருந்து இரு புறமும் மாறி மாறித் திருகாணிகளைச் சிறிது சிறிதாக இறுக்கினார். பசை பூசியது காஸ்கற்றின் மூலைகளில் மாத்திரமே.

யான் வெட்கமுற்றது அவருடைய திறமையைக் கண்டன்று. என் அறிவை எண்ணியே. இக்கல்லூரியின் ஆய்வுகூடத்திலே கண்ணாடி U-குழாயில் நிற்கும் நீர்மட்டத்தைக் கொண்டு வாயுவின் அமுக்கத்தை அளந்தவன் யான். அதற்குப் புள்ளியும் பெற்றவன். பல எஞ்சின்களில் வண்டி நிற்கையில் எண்ணெயின் மட்டம் சம்ப் விளிம்புக்குக் கீழேயே உள்ளது. ஆகவே அவ்விளிம்பை எண்ணெய் தன் பாரத்தால் அமுக்குவதில்லை. அங்கே எண்ணெய் ஒழுகுமாயின் தெறித்த எண்ணெயை வாயு தள்ளுகின்றதா என்று ஐயுறல் வேண்டும். இதை உணர்வதற்கு வேண்டிய பௌதிகம் யாவும் என்னிடம் இருந்தது. வினாத்தாளில் எஞ்சின் படம் இல்லாமையால் அதனை அங்கே பயன்படுத்த எனக்குத் தோன்றவில்லை.

ஒழுகுமிடத்தைத் தேடுதலும் ஒரு சோதனையே. மேல்மூடியிலோ பக்க மூடியிலோ கசிந்த எண்ணெய் கீழிறங்கி, ஓடும்போது காற்றினால் பின்தள்ளப்பட்டு, சம்பிலே வந்து சொட்டும், பழி சம்புக்கு. எஞ்சினைக் கழுவி உலர்த்தி, வெண்கட்டித் தூளைத் தூவிப் பத்து நிமிடம் ஓடவிட்டால், எது முதலில் நனைகின்றது என்பது தெரியும். மொறிஸ் மைனரின் கிராங்க் தண்டின் பின்முனையிலோ இறப்பர் அடைப்பே இல்லை. தண்டில் வெட்டிய திருகுவரியே எண்ணெயை உள்ளே திருப்புகின்றது. அது தேய்ந்தபின் சம்பை எத்தனை முறை அடைத்தும் பயனில்லை. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது குடாநாட்டு வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை இளைஞர் கேள்விப்பட்டிருப்பர். எரியாத மண்ணெண்ணெய் சம்பில் இறங்கி எண்ணெயை நீராக்கியது. எண்ணெய் ஒழுகியும் அளவுகோலில் மட்டம் குறையவில்லை என்று மகிழ்ந்தவரும் உண்டு!

ஒரு துளிக்கு இத்துணைப் பேச்சா எனின், கணக்கிட்டுப் பார்க்க. நிமிடத்துக்கு ஒரு துளியாகவும், 30 துளி ஒரு மில்லிலீற்றராகவும் கொண்டால், நாளொன்றுக்கு 48 மில்லிலீற்றர். மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். வற்றாத ஆறு இல்லாத நம் குடாநாடு பெரும்பாலும் சுண்ணக்கற் பாறையிலே தேங்கிய நீரைக் குடித்து வாழ்கின்றது. அப்பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. முற்றத்தில் விழுந்தது கிணற்றுக்குச் செல்லாது என்று எவரும் பிணை நிற்றல் இயலாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த துயரத்தை யாம் மறக்கவில்லை. அதன் காரணம் மோட்டார் வண்டி அன்று. ஆயினும் எண்ணெய் கலந்த கிணறு எத்தகையது என்பதை அன்று கண்டோம்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விழாவை முன்னிட்டு வளைவும் பெயர்ப்பலகையும் அமைப்பதை யான் தடுக்கவில்லை. அவற்றோடு பௌதிக ஆய்வுகூடத்திலே ஒரு பழைய எஞ்சினையும் நிறுத்துவோமாக. கல்லூரி கராஜ் அன்று என்றும், தொழில்நுட்பப் பிரிவு படிப்போருக்கு மாத்திரம் அது போதும் என்றும் சிலர் கூறுவர். நாளை வைத்தியராகவும் கணக்காளராகவும் வருவோரும் வண்டி வைத்திருப்பர். அவர்கள் வீட்டிலும் கிணறு இருக்கும். U-குழாயின் ஒரு முனையை எண்ணெய் அளவுகோலின் துளையோடு பொருத்தி, சுவாசக் குழாயை அடைத்தும் திறந்தும் நீர்மட்டம் மாறுவதை மாணவர் அளக்கட்டும். சம்பின் விளிம்பைத் தாமே நேராக்கிக் காஸ்கற் வெட்டட்டும். மூன்று பாடவேளைகள் போதும்.

எஞ்சினுக்காகப் பணம் திரட்ட வேண்டுவதில்லை. என் வீட்டுக் கொட்டிலில் ஒன்று கிடக்கின்றது. அதை ஏற்றிவர ஒரு லொறியை மாத்திரம் எவரேனும் தருக. அதிலிருந்து எண்ணெய் ஒழுகுகின்றது. அதைத் திருத்தாமலே தருகின்றேன்.