எழுத்து ஒன்று; ஓசை வேறு!

ஸ்பானிய மொழிக்காரருக்கு ஆங்கிலம் வராது என்று சிலர் கேலி செய்கிறார்கள். "ஸ்கூல்" என்பதை "எஸ்கூல்" என்கிறார்களாம்! அவர்கள் மொழியில் பள்ளிக்கு "எஸ்குவேலா" என்று பெயர். நாக்கு பழகிய வழியில்தானே போகும்?

ஸ்பானிய மொழியில் உயிர் ஓசை ஐந்துதான். எழுதியபடியே வாசித்துவிடலாம். 1713-ம் ஆண்டு தொடங்கிய ஸ்பெயின் மொழிக் கழகம், 1754-ல் "பி, எச்" என்ற இரட்டை எழுத்தை நீக்கி, "எப்" ஒன்றே போதும் என்றது. ஆங்கிலத்துக்கு அப்படிக் கழகம் கிடையாது. "போட்டோ" இன்னும் பழைய எழுத்தோடுதான் இருக்கிறது. "தோ", "த்ரூ", "டப்" மூன்றும் ஒரே நான்கு எழுத்தில் முடிகின்றன. ஓசையோ மூன்று!

இலக்கணத்திலும் வேடிக்கை உண்டு. மழை பெய்கிறது என்பதை ஸ்பானிய மொழியில் "யுவேவே" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் முன்னால் "இட்" போட வேண்டும். எது அந்த "இட்"? யாரும் சொல்ல முடியாது! போகட்டும், அது பழகிவிடும்.

வாய்விட்டு வாசிப்பதுதான் வதை. பகலெல்லாம் உழைத்துவிட்டு, அமெரிக்காவில் இரவு வகுப்புக்கு வரும் மெக்சிகோக்காரரை முதல் நாளே எழுப்பி வாசிக்கச் சொல்வது கொடுமை. நாலு பேர் சிரித்தால், மறுநாள் வருவாரா? குடியுரிமைத் தேர்விலோ, மூன்று வாக்கியங்களில் ஒன்றையாவது அவர் சரியாக வாசித்துக் காட்ட வேண்டும்.

அவருக்கும் ஒரு பலம் இருக்கிறது. லத்தீன் வழிச் சொற்கள் இரு மொழியிலும் ஏராளம். "நேஷன்" என்று காதில் விழுந்தால் விழிப்பார். அச்சில் கண்டாலோ, நம்முடைய "நாசியோன்" அல்லவா என்று மகிழ்வார். ஆகவே, ஆசிரியர் வாசிக்கட்டும். மாணவர் புத்தகத்தைப் பார்த்தபடி கேட்கட்டும். வாய்விட்டு வாசிப்பதைச் சில வாரம் கழித்து வைத்துக்கொண்டால் என்ன?