வாழ்வாதாரம் என்ற சொல்லை டிப்பரில் ஏற்றாதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பரவாயில்லை.

அறுவடை முடிந்ததும் மாவடிப்பள்ளி, காரைதீவு, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளுக்குள் யானைக் கூட்டம் இறங்குகிறது. உடனே எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் குரல் பதிவுகள் பறக்கின்றன. "யானையைக் கொண்டுவந்து விட்டது யார்?" "இது எங்களைக் கிளப்பும் சதி." மறுபக்கம் கொழும்பிலிருந்து சிலர், கிழக்கின் ஈரநிலங்களை அழிப்பவர்கள் இவர்கள்தான் என்று எங்கள் ஊர்களின் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவதை நாங்கள் பகிர்ந்து கொதிக்கிறோம், நாங்கள் கொதிப்பதை அவர்கள் பகிர்ந்து சிரிக்கிறார்கள். நடுவில் கிடக்கும் ஆற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த ஆறு எது? கல்லோயா என்கிறார்கள். எங்கள் மூத்தவர்களுக்கு அது பட்டிப்பளை ஆறு. பதுளைப் பக்கத்து மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, அம்பாறை தாண்டி எங்கள் வட்டைகளுக்குள் பிரிந்து, களப்பும் முகத்துவாரமுமாகக் கடலில் சேர்கிறது. மேலே சிங்களக் குடியேற்றங்கள், கீழே தமிழரும் முஸ்லிம்களும். ஒரே தண்ணீர். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது, 1954இல் அந்தக் குளத்தைச் சுற்றிய காடு தேசிய பூங்காவானது. யானை பார்க்கச் சுற்றுலா போவதற்காக மட்டும் அதைப் பூங்காவாக்கவில்லை. குளத்துக்கு நீர் தரும் நிலத்தைக் காப்பதும் அதன் நோக்கம். மேலே காடு போனால் மண் கரைந்து குளத்தில் இறங்கும். குளம் தூர்ந்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. அப்படியானால் "யானைக்குக் காடு, எங்களுக்கு வயல், ரெண்டில் ஒன்றுதான்" என்ற பேச்சே பிழை. அந்தக் காட்டில் தேங்கும் தண்ணீரில்தான் எங்கள் சோறு விளைகிறது.

இனி வாழ்வாதாரத்துக்கு வருவோம். எங்கள் ஊர்களின் காணி நெருக்கடியை அறியாமல் பேசுகிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு ஒடுக்கமான துண்டில் வீட்டோடு வீடு ஒட்டி வாழ்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். போக இடம் தந்தார்களா? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், வழக்கும் அரசியலுமாக, பாதிக்கப்பட்டவர்கள் குடியேறாமலே ஆண்டுக்கணக்காகக் காடு பிடித்துக் கிடந்தன. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம் என்ற எங்கள் சொந்த வழக்கமும் சேர்ந்துகொள்ள, எல்லாருடைய கண்ணும் வட்டைப் பக்கம் திரும்பியது. இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்த உண்மையை விற்றுத் தின்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா?

கரைவாகு வட்டையை நிரப்புவது யார்? வீடில்லாத மீனவரா? அவரிடம் ஒரு டிப்பர் மண்ணுக்கே காசில்லை. வயலை ஏக்கர் கணக்கில் வாங்கி, இரவோடு இரவாக மண் போட்டு, பேர்ச் கணக்கில் விற்பவர் வேறொருவர். நெற்காணியை அனுமதியின்றி நிரப்ப முடியாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. மண் அகழ சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. பிடிபடுவது யார்? மண்வெட்டியோடு ஆற்றில் நின்ற கூலிப் பொடியன். அவன் நாள் கூலிக்கு நின்றவன். டிப்பர் முதலாளி மறுநாள் பள்ளியில் முன் சஃப்பில் நிற்கிறார். யாராவது கேள்வி கேட்டால் அவரே சொல்கிறார்: "ஏழைகளின் வாழ்வாதாரத்தில் கை வைக்காதீர்கள்." ஏழையின் பெயரில் பேசும் இந்தப் பெரிய மனிதர்களிடம் நாங்கள் கேட்கிறோம்: ஆற்றில் இறங்கியவனுக்கு ஒரு கியூப் மண்ணில் எவ்வளவு கொடுத்தீர்கள்? உங்களுக்கு எவ்வளவு மிஞ்சியது?

வட்டை என்பது வெறும் வயலல்ல. மாரியில் சமுத்திரத்தின் வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் வந்து பரந்து நிற்கும் இடம் அது. தோணாக்களும் ஆறும் அதை மெல்ல மெல்லக் கடலுக்கு எடுத்துச் செல்லும். அங்கே மண்ணைப் போட்டால் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வளவுக்குள் போகும். கிட்டங்கிப் பாதை ஒவ்வொரு மாரியிலும் மூழ்குவதைப் பார்க்கிறோம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துச் சென்ற எங்கள் மத்ரசாப் பிள்ளைகளை எப்படி மறப்போம்? அன்றைய வெள்ளத்துக்கு நிரப்பல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அன்று மழையும் அப்படித்தான் பெய்தது. ஆனால் அந்த ஜனாஸாக்களைச் சுமந்த ஊர்கள், தண்ணீர் போகும் வழியை அடைப்பவனை "அபிவிருத்தி செய்பவர்" என்று இன்னும் அழைக்கலாமா?

விரலை வெளியே மட்டும் நீட்டவில்லை. நாங்கள் ஆசிரியர்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஈரநிலத்தின் பயன்களை ஐந்து குறிப்புகளாக எழுதிக் கொடுக்கிறோம். எங்கள் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் கடன் எடுத்து, நிரப்பிய வட்டையில் பத்துப் பேர்ச் வாங்கியிருக்கிறோம்? கை தூக்கச் சொன்னால் இதை எழுதுகிறவர்களின் கையும் சேர்ந்தே உயரும். விலை குறைவு என்று வாங்கினோம். ஏன் குறைவு என்று கேட்கவில்லை. முதல் மாரியில் முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, பின்னால் இருந்த பழைய குடிசை வீட்டில் இடுப்பளவு நின்றது. எங்கள் மண்மேடு தள்ளிய தண்ணீர் அது. அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வகுப்பில்தான் படித்தாள். ஈரமான கொப்பியோடு வந்தவளிடம் வீட்டுவேலை ஏன் செய்யவில்லை என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

யானை விடயமும் இப்படித்தான். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று சுமார் 20 யானைகள் எட்டு வருடங்களில் செத்தன என்ற செய்தி 2022இல் உலகம் முழுவதும் போனது. யானை எங்கள் ஊருக்கு வருகிறது என்கிறோமே, நாங்கள் எங்கள் எச்சிலை யானையின் காட்டோரத்தில் கொண்டுபோய்க் கொட்டியதை யார் சொல்வது? பிரியாணிப் பொதியும் அழுகிய மரக்கறியும் ஒரு தடவை ருசி கண்ட யானை, அடுத்த தடவை வாடியை உடைக்கத்தானே செய்யும்?

இப்போது அடுத்த பக்கத்துக்கு. இயற்கையை நேசிக்கும் கொழும்பு நண்பர்களே, நாடு முழுவதும் 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே வருடத்தில் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். அவர்களில் அதிகமானோர் ஏழை விவசாயிகள். யானைக்குப் பெயர் வைத்து அழுகிறீர்கள், நல்லது. இரவெல்லாம் பரணில் யானை வெடியோடு விழித்திருக்கும் முல்லைக்காரருக்கும் ஒரு பெயர் உண்டு. ஈரநிலம் என்று வரைபடத்தில் பச்சை பூசும்போது, அதற்குள் தலைமுறையாக வேளாண்மை செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல் நட்டு எல்லை போட்டுவிட்டு, பிறகு தமிழில் ஒரு கடிதம்கூட அனுப்பாத பாதுகாப்பை மக்கள் பாதுகாப்பாக நினைக்க மாட்டார்கள், பறிப்பாகத்தான் நினைப்பார்கள். அந்தப் பயத்தில்தான் டிப்பர் முதலாளி எங்களுக்குத் தலைவராகிறார். அவரை வளர்ப்பதில் உங்களுக்கும் பங்குண்டு.

இதெல்லாம் தீராத பிரச்சினை என்று சொல்பவர்களுக்கு இதே ஆற்றில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1980களின் தொடக்கம். இடதுகரை வாய்க்கால்கள் உடைந்து, மேல்மடை நனைய, கடைமடை காய்ந்து கிடந்த காலம். 1956இல் இதே கல்லோயாவில் இனத்தின் பெயரால் இரத்தம் சிந்தியிருந்தது, அது யாருக்கும் மறக்கவில்லை. அப்போது கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை ஊர்களில் தங்க வைத்து, விவசாயிகளைச் சிறு சிறு குழுக்களாகக் கூட்டின. குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்த 1981 சிறுபோகத்தில் மேல்மடைச் சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். அந்தத் தண்ணீர் கடைமடைத் தமிழ் விவசாயிகளின் வயலுக்கும் போனது. பொலிஸ் வந்து திறக்கவில்லை, மந்திரி வந்தும் திறக்கவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது நாலே விடயம்.

ஒன்று: வட்டை நிரப்பியதற்கு வழக்குப் போடுவதானால் மண் கொட்டிய சாரதி மீது மட்டும் போடாதீர்கள். காணியைப் பிரித்து விற்றவர் மீதும் போடுங்கள். வீடில்லாதவருக்கு மேட்டுக் காணியில் மாடி வீட்டுத் திட்டம் கொடுங்கள்.

இரண்டு: ஆற்று மண் தேவைதான். எங்கே, எவ்வளவு, எந்தக் காலத்தில் என்று அளந்து, அந்த அனுமதியைத் தனி முதலாளிக்குக் கொடுக்காமல் மண் அள்ளும் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுங்கள். ஆறு இடிந்தால் முதலில் தொழில் இழப்பவன் அவன்தான், அவனே காவல் காப்பான்.

மூன்று: 2020இல் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு கொடுத்த திட்டத்தில் உள்ளதுபோல, வயலைச் சுற்றி விவசாயிகளே பராமரிக்கும் பருவகால மின்வேலி போடுங்கள். விதைப்புக்குப் போட்டு, அறுவடைக்குப் பின் கழற்றினால், தாளைத் தின்றுவிட்டு யானை தன் பாட்டில் போகும்.

நாலு: குப்பை. இதற்கு அரசாங்கம் தேவையில்லை. ஒவ்வொரு மஹல்லாவும் நினைத்தால் நாளையே வீட்டில் பிரித்து வைக்கலாம்.

கடைசியாகப் பள்ளிவாசல் நிருவாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று படித்த சமூகம் நாம். அந்த ஆற்றையே விற்பவரின் நன்கொடையில் ஹவுளு கட்டும் முன் ஒரு தடவை யோசியுங்கள். ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். முன் சஃப்பில் இருப்பவர்கள் முகம் சுளித்தால், சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது.

நாங்கள் எங்கள் வளவில் மண்மேட்டை வெட்டி, பின்வீட்டுத் தண்ணீர் போக வாய்க்கால் எடுத்துவிட்டோம். சின்ன வேலைதான், இரண்டு நாள் ஆனது. இந்த மாரிக்கு முன் நீங்களும் உங்கள் வேலியோரத்தைப் போய்ப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.