முத்தழகிடம் யாரும் கேட்கவில்லை

திரைப்படத்தைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் பாடநூலுக்கு வெளியே எம்மில் பலர் அதிகம் கேட்கும் தமிழ், தென்னிந்தியத் திரைப்படத் தமிழ்தான். பாட்டாகவும் நகைச்சுவையாகவும் அது எமது வீடுகளுக்குள் வந்து குடியிருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி யார், என்ன பேசுகிறார் என்று விசாரிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

நான் எடுத்துக்கொள்வது, 2007 பெப்ரவரியில் வெளிவந்த ‘பருத்திவீரன்’. அமீர் இயக்கிய இப்படம் கார்த்தியின் முதற்படம். முத்தழகாக நடித்த பிரியாமணிக்கு இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றுக்கொடுத்தது. மதுரை வட்டாரத்துக் கிராமம், அதன் திருவிழா, கரகாட்டம், வெயில், பேச்சுமொழி எல்லாவற்றையும் பூச்சின்றிக் காட்டியதால் பலரும் இதைப் போற்றுகின்றனர். அந்தப் போற்றுதலில் எனக்கு மறுப்பில்லை. என் மனத்தாங்கல் வேறு.

கதை இதுதான். வீரன் ஊர்ச் சண்டியன். அடிதடியும் சிறையும் அவனுக்குச் சாதாரணம். சென்னை மத்திய சிறைக்குப் போகுமளவுக்குப் பேரெடுப்பதே அவனது கனவு. அவனது தந்தை தேவர் சாதி, தாய் குறவர் சாதி. சிறுவயதில் கிணற்றில் விழுந்த முத்தழகை அவன் காப்பாற்றினான். அன்று முதல் அவனைத் தவிர வேறொருவரை மணப்பதில்லை என்று அவள் உறுதி பூண்டிருக்கிறாள். அவளது தந்தை கழுவத்தேவருக்கோ வீரனின் தாயின் பிறப்பு பொறுக்கவில்லை. அடி, உதை, அவசரக் கலியாணப் பேச்சு எதற்கும் பணியாத முத்தழகு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். முடிவில் அவளுக்கு நேர்வது, வீரனின் பழைய வாழ்க்கையை அறிந்த நான்கு பேரின் கொடூரமான பாலியல் வன்முறை. தன் உடல் எவர் கண்ணிலும் படாதபடி வெட்டிச் சிதைத்துவிடுமாறு அவனிடமே கெஞ்சியபடி உயிர் விடுகிறாள். அவன்தான் கொன்றான் என்று எண்ணும் அவளது உறவினர் அவனைக் கொன்றுவிடுகின்றனர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பல படங்கள் காதலுக்குத் தடையாகப் பணத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். இப்படம் தடையின் பெயர் சாதி என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தந்தை வழியில் பார்த்தால் வீரன் கழுவத்தேவருக்கு அந்நியனல்லன். தாய் வழியே அவனைத் தள்ளிவைக்கிறது. ஒரு மனிதனைப் பாதி ஏற்று, பாதி விலக்கும் கணக்கு எவ்வளவு பொருளற்றது என்பதைப் படம் உணர்த்துகிறது.

ஆனால் அந்தக் கணக்கை ஏன் எப்போதும் ஒரு பெண்ணை வைத்தே தீர்க்கிறார்கள்? இதற்கான விடையை அம்பேத்கர் 1916 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் காணலாம். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம்தான் சாதியைத் தாங்கி நிற்கிறது என்று அவர் அதில் வாதிட்டார். அப்படியானால் சாதி நிலைப்பதற்கு, ஒரு பெண் யாரை மணக்கிறாள் என்பதை யாராவது கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். குடும்பத்தின் மானத்தை மகளின் உடலில் கொண்டுபோய் வைப்பது இதனால்தான். மானம் அங்கே இருக்கும்வரை காவலும் அங்கேதான் இருக்கும், தண்டனையும் அங்கேதான் விழும்.

இது திரைக்கதை மட்டுமல்ல. 2016 மார்ச் மாதம் தமிழ்நாட்டின் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணம் முடித்த இளம் தம்பதியினர் பட்டப்பகலில், நடு வீதியில் வெட்டப்பட்டனர். கணவர் இறந்தார். படுகாயமடைந்த மனைவி உயிர் தப்பினார். பிறகு அவர் தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். முத்தழகின் கதையில் இல்லாத ஒன்று இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பேசினார். என்ன நடந்தது என்று ஊரறியச் சொன்னார்.

என் மனத்தாங்கல் இங்கேதான். பருத்திவீரனில் தந்தை செய்த பிழைக்கும் வீரன் செய்த பிழைகளுக்கும் சேர்த்து விலை கொடுப்பவள் முத்தழகு. அவள் அனுபவித்த கொடுமையை விட, அவளது உடல் பிறர் கண்ணில் படக்கூடாது என்பதே அவளது கடைசிக் கவலையாகிறது. குற்றம் செய்தவர்களுக்கு இல்லாத வெட்கம் அவளுக்கு ஏன்? சாதிமானத்தைச் சாடும் படம், பெண்ணின் ‘மானம்’ என்ற எண்ணத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் அல்லவா?

இன்னொன்றையும் என் வயதுத் தோழியருக்குச் சொல்ல வேண்டும். இப்படத்தின் பாட்டுகளைப் பலர் கேட்டிருப்பீர்கள். பாட்டில் வரும் வீரன் விளையாட்டுப் பிள்ளை. கதையில் வரும் வீரன் கத்தியால் குத்துபவன், பெண்களை மதிக்காதவன். ஒருவன் எம்மை ஒருமுறை காப்பாற்றினான் என்பதற்காக வாழ்நாள் முழுவதையும் அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டுமா? நன்றி வேறு, நம்பிக்கை வேறு. முத்தழகின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அந்தத் துணிச்சலுக்கு ஈடான மனிதன் அவன்தானா என்று அவள் ஒருபோதும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க அவளுக்கு நேரமும் இடமும் கிடைக்கவுமில்லை.

இக்கட்டுரைக்காக நான் படத்தைப் பற்றிப் பேசியபோது, என் உம்மா, “இதெல்லாம் பாத்து என்ன படிக்கப் போறீங்க மகள்?” என்று கேட்டார். நான் கதையைச் சொல்லி முடித்தேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தப் புள்ளக்கி மனம்விட்டுக் கதைக்க ஒரு சாச்சி, மாமி கூட இல்லயா?” என்றார். எத்தனையோ விமர்சனங்கள் தொடாத இடத்தை அந்தக் கேள்வி தொட்டது. அந்தப் படத்தில் முத்தழகை அடிக்க ஆளிருக்கிறது, பூட்டிவைக்க ஆளிருக்கிறது. உட்காரவைத்து, ‘உனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும்?’ என்று கேட்கத்தான் ஆளில்லை.

‘அது இந்தியாவின் கதை, எமக்கென்ன?’ என்று சிலர் கூறலாம். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டித் தேட வேண்டியதில்லை. எமது வீடுகளில் சாதி என்ற சொல் புழங்காமல் இருக்கலாம். ஆனால் ‘எந்த ஊர்?’, ‘என்ன குடும்பம்?’, ‘சீதனம் எவ்வளவு?’ என்ற கேள்விகளால் நின்றுபோன கலியாணங்களை நாம் அறியாதவர்களா? அரிவாள் இல்லை என்பதால் அளவுகோலும் இல்லை என்றாகிவிடாது.

பெற்றோர்களே, இப்படத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் இறுதிக் காட்சிகள் பெரியவர்களையே உலுக்கிவிடும். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் எப்படியும் இத்தகைய கதைகளைப் பார்ப்பார்கள், கேட்பார்கள். தொலைக்காட்சியை அணைப்பது இலகு. அணைத்த பின் ஐந்து நிமிடம் கதைப்பதுதான் கடினம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாங்கள் உங்களிடம் கேட்கிறோம். நாங்கள் சொல்வது எல்லாவற்றுக்கும் நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை. கை ஓங்காமல், குரல் உயர்த்தாமல், முழுவதையும் கேட்டுவிட்டு மறுத்தாலும் அது போதும்.

தோழியரே, எமக்கும் ஒரு கடமை உண்டு. மறைத்து வைப்பதைத் துணிச்சல் என்று எண்ணிக்கொள்ளாதிருப்போம். உம்மாவிடம் முடியாவிட்டால் ராத்தாவிடம், அவரிடமும் முடியாவிட்டால் நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் வாய் திறப்போம். தனித்துப்போன பிள்ளைக்குத்தான் தப்பான கதவும் வழியாகத் தெரியும்.