தோட்டத்து வானத்துக்கு ஒரு போட்டிக் களம் வேண்டும்

ஹெலிகாப்டரின் வயிற்றிலிருந்து இரண்டு சங்கிலிகள் தொங்குகின்றன. ஒன்று நெட்டை, மற்றது குட்டை. நெட்டையின் நுனி தரையை விட்டு எழக் கூடாது. குட்டையின் நுனி தரையில் படக் கூடாது. இந்த நிலை பிசகாமல், புல்வெளியில் வரைந்த சதுரக் கோட்டை ஒட்டி விமானி இயந்திரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பவும் வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கோட்டை விட்டு விலகினால் புள்ளி போகும்.

உலக ஹெலிகாப்டர் போட்டியின் ஒரு சுற்று இது. 1971-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் பூக்கபுர்க் நகரில் தொடங்கிய போட்டி. இன்னொரு சுற்றில், கயிற்றில் தொங்கும் தண்ணீர் வாளியை நட்டுவைத்த வாயில்களின் ஊடே கொண்டுபோய் ஒரு மேசைமேல் இறக்கி வைக்க வேண்டும்; சிந்திய தண்ணீருக்கும் கணக்கு உண்டு. மற்றொன்றில், துணை விமானி கதவோரம் இருந்தபடி கையில் பிடித்த கயிற்றால் ஓர் உருளையைப் பீப்பாய்க்குள் இறக்குவார். குறித்த பாதையில் பறந்து, குறித்த நொடிக்கு வந்து சேரும் சுற்றும் இருக்கிறது. பல ஆண்டுகள் ரஷ்யர்கள் கொடிகட்டிப் பறந்த களம் இது. ராணுவ விமானிகளோடு, பொழுதுபோக்காகப் பறப்பவர்களும் இதில் மோதுகிறார்கள்.

மலேசியாவில் தனியார் ஹெலிகாப்டர் பறத்தல் இன்னும் நண்பர்களின் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வார இறுதியில் சேர்ந்து கிளம்புவது, ஓரிடத்தில் இறங்கிச் சாப்பிடுவது, படம் எடுப்பது, திரும்புவது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அளந்து பார்க்க ஆள் இல்லாத திறமை எங்கே குறைகிறது என்று அதை உடையவருக்கே தெரியாது. 2020 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, சுபாங்கிலிருந்து புறப்பட்ட இரண்டு தனியார் ஹெலிகாப்டர்கள் கோலாலம்பூரை ஒட்டிய தாமான் மெலாவத்திக்கு மேலே ஒன்றோடொன்று மோதின. ஒன்று விழுந்து இருவர் இறந்தார்கள். மற்றது அவசரமாகத் தரையிறங்கியது. கீழே இருந்தது மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்பு.

இயந்திரமும் கண்டிப்பானது. உலகெங்கும் தனியார் அதிகம் வாங்குவது ராபின்சன் நிறுவனத்தின் ஆர்-22, ஆர்-44 வகைகள். இரண்டே இறக்கைகள் கொண்ட சுழலி, நடுத்தண்டின் மேல் ஊஞ்சல்போல ஆடும்படி அமைந்தது. காற்றில் தூக்கிப்போடும்போது பதறிப்போய்க் கைப்பிடியை வெடுக்கென்று முன்னே தள்ளினால், சுழலியின் மேல் இருக்கும் சுமை இல்லாமல் போகிறது, ஹெலிகாப்டரின் உடல் பக்கவாட்டில் உருள்கிறது, சுழலியின் நடுப்பகுதி தண்டில் மோதி அதை முறித்துவிடுகிறது. அதனால்தான் 1995-இல் அமெரிக்க விமான நிர்வாகம் இந்த இரு வகைகளுக்கும் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து விபத்து விசாரணை ஆணையம் 2016-இல் இவற்றைக் கவனப் பட்டியலில் வைத்தது. அனைத்துலக விதிப்படி தனியார் ஹெலிகாப்டர் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் போதும். அந்த 40 மணி நேரம் ஒருவரை வானத்துக்குள் விடுகிறது, அவ்வளவுதான். உரிமம் வாங்கிய பிறகும் ஆண்டுதோறும் கையைப் பதப்படுத்த ஒரு காரணம் வேண்டும். போட்டி அந்தக் காரணத்தைக் கொடுக்கும்.

அப்படி ஒரு போட்டியை மலேசியாவில் நடத்தப் பேராக் மாநிலத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்த மண்ணில் ஹெலிகாப்டரின் கதை விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. தோட்டத்து லயங்களை முள்வேலி சூழ்ந்தது. காட்டுக்குள் காயமடைந்த படையினரைத் தூக்கிவர 1950-இல் பிரிட்டிஷ் விமானப் படை சிங்கப்பூர் சிலேத்தாரில் டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களைக் கொண்டு ஒரு சிறு பிரிவை அமைத்தது. மலாயாக் காட்டின் மரத்தலைகளுக்கு நடுவே இறங்கவும் ஏறவும் அவர்கள் கற்ற பாடங்கள் பிறகு பல நாடுகளுக்குப் பயன்பட்டன.

அதற்கும் முன்னால், பொழுதுபோக்குப் பறத்தலும் நாட்டுக்கு உதவியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு, பேராக் பறக்கும் கழகங்களின் ஆட்களையும் சிறு விமானங்களையும் கொண்டே மலாயாத் தொண்டர் விமானப் படை உருவானது. கழகம் என்ற ஒன்று இருந்ததால், அழைத்தவுடன் திரட்ட முடிந்தது.

இன்றைய தேவை வெள்ளமும் நிலச்சரிவும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றபோது, தனியார் ஹெலிகாப்டர் வைத்திருந்தவர்கள் தாங்களாகவே கிளம்பி மருந்தும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். கூடவே, நெரிசலான வானத்தில் யார் சொல்லை யார் கேட்பது என்ற குழப்பமும் எழுந்தது. கயிற்றில் தொங்கும் சுமையை ஆடாமல் இறக்குவதும், சொன்ன நொடிக்குச் சொன்ன இடத்தில் இருப்பதும், ஒரே கட்டுப்பாட்டின்கீழ் வரிசையாகப் பறப்பதும் பேரிடரின்போது கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல. போட்டிக் களத்தில் இவை மூன்றையும் பழகலாம்.

களத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது; அங்கே தாழப் பறக்கும் பயிற்சி வேண்டாம். பத்து காஜாவுக்குத் தெற்கே, 1938-இல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் ஈயத் தூர்வாரிக் கப்பல் நிற்கும் தஞ்சோங் துவாலாங் பக்கம், ஈயம் தோண்டிவிட்டுப் போன மணல்வெளிகளும் குளங்களும் கிடக்கின்றன. வீடு இல்லாத ஒரு துண்டு நிலத்தை அங்கே தேர்ந்தெடுக்கலாம். கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். சுண்ணாம்புக் குன்றுகளையும் அவற்றின் குகைக் கோயில்களையும் பாதையிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கும் இதில் நேரடி அக்கறை இருக்கிறது. அனைத்துலக விதி, நெருக்கமான குடியிருப்புகளுக்கு மேலே பறந்தால் சுற்றிலும் 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிட 300 மீட்டர் மேலே இருக்கச் சொல்கிறது. மற்ற இடங்களில் தரையிலிருந்து 150 மீட்டரே போதும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில் மிஞ்சி நிற்கும் ஒரு லயமும், அதன் கோயிலும், பக்கத்துத் தமிழ்ப்பள்ளியும் வரைபடத்தில் நகரமாகத் தெரிவதில்லை. இவற்றையும் நெருக்கமான குடியிருப்பாகவே கருதி 300 மீட்டர் விட வேண்டும் என்று போட்டி விதி சொல்லட்டும். தாழப் பறப்பதெல்லாம் அனுமதி பெற்ற களத்துக்குள் மட்டும்.

இது பணக்காரர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க வைத்தார். துரைமார்களின் சொத்து என்று அதுவரை ஒதுங்கி நின்றவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஹெலிகாப்டர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பறக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் தேவை. சிப்பாங்கில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் இந்தப் படிப்பைக் கற்பிக்கிறது. எஸ்.பி.எம். முடித்த தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லாதது, பட்டறைக்குள் நுழைந்து சுழலியைக் கையால் தொட்டுப் பார்க்கும் முதல் வாய்ப்புதான்.

போட்டிக்குப் பதியும் ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் பேராக் மாணவர்கள் இருவருக்குப் பராமரிப்புப் பட்டறையில் பயிற்சி இடம் என்று நுழைவு விதியிலேயே எழுதலாம். மாநில அரசும் விமானப் போக்குவரத்து ஆணையமும் அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக வைக்க வேண்டும். போட்டி பெரிதாகி, ஆதரவு தரும் நிறுவனங்கள் சூழ்ந்துகொண்ட பிறகு இதைச் சேர்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.